ஆஸ்பத்திரிக் கணக்கு சொல்வதும் மறைப்பதும்: கொரோனா திரிபுகள், 2020–2022

2021 மார்ச், ஏப்ரலில், ஒரு மாத இடைவெளியில் இங்கிலாந்திலிருந்து இரண்டு ஆய்வுக் கட்டுரைகள் வந்தன. இரண்டும் ஒரே வைரஸைப் பற்றியவை. கென்ட் பகுதியில் முதலில் பிடிபட்டு, பிறகு ஆல்ஃபா என்று பெயர் பெற்ற திரிபு. பி.எம்.ஜே. இதழில் வந்த முதல் கட்டுரை, பழைய வைரஸைவிட இதில் இறக்கும் அபாயம் 64 சதவீதம் அதிகம் என்றது. லான்செட் இன்ஃபெக்ஷியஸ் டிசீசஸ் இதழில் வந்த இரண்டாவது கட்டுரை, லண்டனின் இரண்டு ஆஸ்பத்திரிகளில் சேர்ந்த நோயாளிகளைப் பார்த்துவிட்டு, பழையதுக்கும் புதியதுக்கும் நோயின் தீவிரத்தில் வித்தியாசம் தெரியவில்லை என்றது.

இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் தலை சுற்றும். ஒருத்தர் சொல்வது உண்மையென்றால் இன்னொருத்தர் சொல்வது பொய்யாகத்தானே இருக்கணும்? ஆனால் இரண்டு கட்டுரைகளும் ஒழுங்காகச் செய்யப்பட்டவை. அவை கேட்ட கேள்விகள்தான் வேறு. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால், டெல்டா, ஒமைக்ரான் காலத்தில் வந்த பல குழப்பமான செய்திகளும் புரிந்துவிடும். அதற்காகத்தான் இந்தக் குறிப்பு.

முதலில் அடிப்படை. இந்த வைரஸின் மரபுத் தொடர் ஏறத்தாழ 30,000 எழுத்துகள் கொண்டது. ஒவ்வொரு முறை நகல் எடுக்கும்போதும் அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுத்துப் பிழை விழும். பெரும்பாலான பிழைகளால் ஒன்றும் ஆகாது. சில பிழைகள் சேர்ந்து வைரஸின் நடத்தையையே மாற்றிவிடும். அப்படி மாறின கிளையைத்தான் திரிபு என்கிறோம். நம்ம தொழில் பாஷையில் சொன்னால், யாரும் ரிவ்யூ பண்ணாமல் தானாகவே ரிலீஸ் ஆகிவிடும் புது வெர்ஷன்.

ஃபெயில் ஆன டெஸ்ட் சொன்ன செய்தி

ஆல்ஃபாவை அடையாளம் கண்ட கதையில் ஒரு அதிர்ஷ்டம் உண்டு. இங்கிலாந்தின் பெரிய பரிசோதனைக் கூடங்களில் பயன்படுத்திய ஒரு வகை பி.சி.ஆர். டெஸ்ட், வைரஸின் மூன்று இடங்களைத் தேடும். அதில் ஒன்று ஸ்பைக் புரதத்துக்கான எஸ் ஜீன். ஆல்ஃபாவில் அந்த இடத்தில் சில எழுத்துகள் காணாமல் போயிருந்தன. அதனால் மற்ற இரண்டும் பாசிட்டிவ் காட்ட, எஸ் மட்டும் வெறுமையாக வரும். மூன்று டெஸ்ட் கேஸில் எப்போதும் ஒன்று மட்டும் ஃபெயில் ஆகிற மாதிரி.

முழு மரபுத் தொடரையும் படிக்க நேரமும் பணமும் செலவாகும். இங்கே சாதாரண டெஸ்ட் முடிவை வைத்தே, லட்சக்கணக்கான பேரில் யாருக்குப் பழையது, யாருக்குப் புதியது என்று ஓரளவு நன்றாகப் பிரிக்க முடிந்தது. பி.எம்.ஜே. கட்டுரை இதைத்தான் பயன்படுத்திக்கொண்டது. வயது, பால், இனம், வசிக்கும் பகுதி, டெஸ்ட் எடுத்த தேதி எல்லாம் ஒத்துப்போகிற மாதிரி ஜோடி சேர்த்தார்கள். ஒருவருக்குப் பழைய வைரஸ், இன்னொருவருக்குப் புதியது. மொத்தம் 54,906 ஜோடிகள். 28 நாட்களுக்குள் பழைய வைரஸ் பக்கத்தில் 141 பேர் இறந்திருந்தார்கள். புதிய வைரஸ் பக்கத்தில் 227 பேர்.

ஆயிரம் பேருக்கு என்று போட்டால் 2.6 என்பது 4.1 ஆகியிருக்கிறது. தனி மனிதருக்கு இது சின்ன வித்தியாசமாகத் தெரியலாம். ஆனால் நாடு முழுக்க தினமும் பல ஆயிரம் பேருக்குத் தொற்று வரும்போது இது சின்ன விஷயமில்லை.

இப்போது லண்டன் கட்டுரை. 2020 நவம்பர் 9 முதல் டிசம்பர் 20 வரை இரண்டு ஆஸ்பத்திரிகளில் எடுத்த மாதிரிகள். 341 பேருடைய வைரஸின் மரபுத் தொடரைப் படித்தார்கள். 198 பேருக்கு ஆல்ஃபா, 143 பேருக்கு மற்றவை. நிலைமை மோசமானவர்கள் அல்லது இறந்தவர்கள் எத்தனை சதவீதம்? ஆல்ஃபாவில் 36, மற்றவற்றில் 38. வித்தியாசமே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

வாசலில் நடப்பது

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். பழைய வைரஸ் ஆயிரம் பேருக்கு வருகிறது. 20 பேர் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள், 5 பேர் இறக்கிறார்கள். புதிய வைரஸும் ஆயிரம் பேருக்கு வருகிறது. இந்த முறை 32 பேர் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள், 8 பேர் இறக்கிறார்கள். ஊருக்குள் நின்று பார்ப்பவருக்கு 5 என்பது 8 ஆகிவிட்டது. வார்டுக்குள் நின்று பார்க்கும் டாக்டருக்கு? 20ல் 5, அதாவது நாலில் ஒருவர். 32ல் 8, அதுவும் நாலில் ஒருவர். அவர் பார்வையில் எதுவும் மாறவில்லை. கூட்டம் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

சப்போர்ட் டீமில் வேலை பார்த்தவர்களுக்கு இது பழகின விஷயம். புது வெர்ஷன் வந்த பிறகு வருகிற டிக்கெட்டுகளில் 'கிரிட்டிக்கல்' எத்தனை சதவீதம் என்று மட்டும் பார்த்தால், மொத்த டிக்கெட் இரண்டு மடங்கு ஆனது கண்ணில் படாது. டிக்கெட் போடுகிற அளவுக்குப் பிரச்சினை முற்றினவர்கள் மட்டும்தான் அந்தக் கணக்கிலேயே இருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரி வாசலும் அப்படி ஒரு சல்லடை. மூச்சுத் திணறல் வந்தவர்கள், ஆக்சிஜன் அளவு இறங்கினவர்கள் மட்டும் உள்ளே வருவார்கள். வைரஸ் எதுவானாலும் உள்ளே வருவதற்கு ஒரு குறைந்தபட்சத் தீவிரம் வேண்டும். அதனால் உள்ளே இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் ஒத்துப்போய்விடுகிறார்கள். லண்டன் ஆய்விலேயே இதற்கு ஒரு தடயம் இருக்கிறது. ஆல்ஃபாவோடு வந்தவர்கள் சற்று இளையவர்கள், வேறு நோய்கள் குறைவாக உள்ளவர்கள். அவர்கள் தொண்டை, மூக்கு மாதிரிகளில் வைரஸின் அளவும் அதிகம்.

ஆக, லண்டன் கட்டுரை கேட்ட கேள்வி: "ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்ட ஒருவரின் கதி, திரிபைப் பொறுத்து மாறுகிறதா?" பி.எம்.ஜே. கட்டுரை கேட்ட கேள்வி: "தொற்று வந்த ஒருவரின் கதி மாறுகிறதா?" முதல் கேள்விக்கு இல்லை என்றும் இரண்டாவதுக்கு ஆமாம் என்றும் பதில் வருவதில் முரண்பாடு ஒன்றுமில்லை. வார்டில் வேலை செய்பவருக்கு முதல் கேள்வி முக்கியம். வீட்டில் இருக்கும் உங்களுக்கும் எனக்கும் இரண்டாவதுதான் முக்கியம்.

சல்லடை இல்லாத ஊர்

சரி, அந்தச் சல்லடையே இல்லாவிட்டால் என்ன தெரியும்? அதற்கும் ஒரு உதாரணம் இருக்கிறது, சிங்கப்பூரில்.

2020ன் முதல் சில மாதங்களில் சிங்கப்பூரில் தொற்று உறுதியான எல்லோரையும் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். லேசான இருமல் இருந்தாலும் சரி, ஒன்றுமே இல்லாவிட்டாலும் சரி. தனிமைப்படுத்துவதுதான் நோக்கம். அதே சமயத்தில் அங்கே ஒரு விநோதமான திரிபு பரவிக்கொண்டிருந்தது. வைரஸின் ஒரு பகுதியில், தொடர்ச்சியாக 382 எழுத்துகள் மொத்தமாக அறுந்துபோன திரிபு.

131 நோயாளிகளை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 2020 ஆகஸ்டில் லான்செட்டில் வந்தது. முழு வைரஸ் மட்டும் இருந்த 92 பேரில் 26 பேருக்கு, அதாவது 28 சதவீதம் பேருக்கு, ஆக்சிஜன் தேவைப்பட்டது. அறுந்த திரிபு மட்டும் இருந்த 29 பேரில் ஒருவருக்குக்கூடத் தேவைப்படவில்லை. சின்ன எண்ணிக்கைதான். ஆனாலும் வாசலில் யாரையும் வடிகட்டாததால், வித்தியாசம் வார்டுக்குள்ளேயே தெரிந்துவிட்டது.

இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. அந்த மென்மையான திரிபு பிழைக்கவில்லை. 2020 மார்ச்சுக்குப் பிறகு அது காணாமல் போய்விட்டது. "வைரஸ் பழகப் பழகச் சாதுவாகிவிடும்" என்று நம்மூரில் பலர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். இங்கே சாதுவானது அழிந்தது, முரடானது உலகம் சுற்றியது. இந்த விஷயத்துக்குக் கடைசியில் மறுபடி வருகிறேன்.

2.2க்கும் 2.3க்கும் நடுவே ஒளிந்த டெல்டா

டெல்டா இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டது. 2021 மே மாதம் அது இங்கிலாந்தில் ஆல்ஃபாவைத் தள்ளிவிட்டு முன்னால் வந்துகொண்டிருந்தது. மார்ச் 29 முதல் மே 23 வரை மரபுத் தொடர் படிக்கப்பட்ட 43,338 பேரை வைத்து அங்கே ஒரு ஆய்வு நடந்தது. பாசிட்டிவ் ஆன 14 நாட்களுக்குள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள்: ஆல்ஃபாவில் 2.2 சதவீதம், டெல்டாவில் 2.3 சதவீதம்.

இதோடு நிறுத்தியிருந்தால் "டெல்டா, ஆல்ஃபா மாதிரிதான்" என்று தலைப்புச் செய்தி போட்டிருக்கலாம். ஆனால் டெல்டா யாருக்கு வந்தது, எந்த ஊரில், எந்த வாரத்தில், அவர்கள் தடுப்பூசி போட்டவர்களா என்பதெல்லாம் ஆல்ஃபாவிலிருந்து வேறாக இருந்தன. வயது, இனம், பகுதி, தேதி, தடுப்பூசி நிலை எல்லாவற்றையும் சமன் செய்து ஒப்பிட்டபோது, டெல்டா வந்தவருக்கு ஆஸ்பத்திரிப் படுக்கை தேவைப்படும் அபாயம் 2.26 மடங்கு என்று வந்தது. 2.2, 2.3 என்று பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு எண்களுக்குப் பின்னால் இரண்டு மடங்குக்கு மேற்பட்ட வித்தியாசம் ஒளிந்திருந்தது!

இதனால்தான், ஒரு ஆஸ்பத்திரியின் ஒரு மாத எண்ணிக்கையை வைத்துக்கொண்டு "இந்தத் திரிபு லேசானது" என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எனக்கு உடனே கேட்கத் தோன்றுவது: "யாருக்கு வந்தது?"

படுக்கையும் ஆக்சிஜனும்

இதுவரை வாசலைப் பற்றிப் பேசினோம். உள்ளே போன பிறகும் நோயாளியின் கதியை வைரஸ் மட்டும் தீர்மானிப்பதில்லை.

தென்னாப்பிரிக்காவில் கொரோனாவுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்த எல்லோரையும் பதிவு செய்யும் ஒரு தேசிய அமைப்பு இருந்தது. முதல் அலையையும், பீட்டா திரிபு கொண்டுவந்த இரண்டாவது அலையையும் அதன் தரவை வைத்து ஒப்பிட்டார்கள். கூட்டம் குறைவான வாரங்களில் சேர்ந்தவர்களில் 17.7 சதவீதம் பேர் இறந்தார்கள். ஆஸ்பத்திரிகள் நிரம்பி வழிந்த வாரங்களில் 26.9 சதவீதம். வயது, மற்ற நோய்கள், கூட்டம் இவற்றையெல்லாம் கழித்த பிறகும் இரண்டாவது அலையில் இறப்புக்கான வாய்ப்பு 31 சதவீதம் கூடுதலாகவே இருந்தது. ஆக, கூட்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு. அது போக மிச்சத்தில் திரிபின் பங்கும் இருந்திருக்கலாம்.

நம் ஊர் டெல்டா அலையை நினைத்துப் பாருங்கள். 2021 மே மாதம் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்று பதிவானது. ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றன. ஆக்சிஜன் சிலிண்டருக்காக ஜனங்கள் அலைந்தார்கள். அப்போது நடந்த ஒரு மரணத்தில் எவ்வளவு பங்கு டெல்டாவுக்கு, எவ்வளவு பங்கு கிடைக்காத படுக்கைக்கு என்று தனித்தனியாகப் பிரித்து எழுத முடியாது. வேகமாகப் பரவுவதும் ஒரு வகையில் கொல்வதுதான். எல்லோரையும் ஒரே வாரத்தில் ஆஸ்பத்திரி வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தும் வைரஸ், ஆளுக்கு ஆள் அதே தீவிரம் கொண்டதாக இருந்தாலும் அதிகம் பேரைக் கொல்லும்.

எதிர்த்திசையிலும் மாற்றம் நடந்தது. 2020 ஜூன் 16 அன்று, இங்கிலாந்தின் ரெகவரி பரிசோதனை முடிவை அறிவித்தார்கள். டெக்ஸாமெத்தசோன் என்ற பழைய, மலிவான ஸ்டீராய்டு மருந்து, வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜனில் மட்டும் இருந்தவர்களில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. 2020 மார்ச்சில் வார்டுக்குள் போனவருக்கும், அதே ஆண்டு நவம்பரில் போனவருக்கும் கிடைத்த சிகிச்சையே வேறு. முதல் அலை நோயாளியையும் ஆல்ஃபா நோயாளியையும் நேராக ஒப்பிட்டால், வைரஸோடு சேர்த்து மருந்தையும் ஒப்பிட்டுக்கொண்டிருப்போம்.

ஒமைக்ரான்: ஒரே ஊரிலிருந்து வந்த இரண்டு செய்திகள்

2021 நவம்பர் 26 அன்று உலக சுகாதார நிறுவனம் ஒமைக்ரானுக்குப் பெயர் வைத்தது. ஒரு வாரத்துக்குள் பிரிட்டோரியாவிலிருந்து முதல் தகவல். ஸ்டீவ் பிக்கோ ஆஸ்பத்திரியின் கோவிட் வார்டில் டிசம்பர் 2 அன்று இருந்த 42 பேரில் 29 பேருக்கு ஆக்சிஜன் தேவைப்படவில்லை. முந்தைய அலைகளில் மூச்சுவிடத் திணறும் நோயாளிகளையே பார்த்துப் பழகின டாக்டர்களுக்கு இது ஆச்சரியம்.

இங்கே சல்லடை வேறு மாதிரி வேலை செய்தது. அந்த 42 பேரில் பலர் வேறு காரணத்துக்காக ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள். வந்த இடத்தில் டெஸ்ட் எடுத்ததால் பாசிட்டிவ். ஊரில் தொற்று பெருகும்போது, கால் உடைந்து வருகிறவருக்கும் பிரசவத்துக்கு வருகிறவருக்கும் கூட மூக்கில் வைரஸ் இருக்கும். அவர்களும் 'கோவிட் நோயாளி' கணக்கில் சேர்ந்துவிட்டால் சராசரி லேசாகத் தெரியும்.

ஆனால் இந்தத் தடவை வித்தியாசம் கணக்கால் மட்டும் வந்ததல்ல. இங்கிலாந்தில் 15 லட்சம் பேரை வைத்துச் செய்த ஆய்வு 2022 மார்ச்சில் வெளிவந்தது. டெல்டாவோடு ஒப்பிட்டால் ஒமைக்ரானில் ஆஸ்பத்திரியில் சேரும் அபாயம் 59 சதவீதம் குறைவு, இறக்கும் அபாயம் 69 சதவீதம் குறைவு. பத்து வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளில் மட்டும் அந்தக் குறைவு தெரியவில்லை. ஆய்வகத்திலிருந்தும் ஒரு விளக்கம் கிடைத்தது. ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் மனிதத் திசுக்களில் சோதித்துப் பார்த்தபோது, மூச்சுக்குழாய்த் திசுவில் ஒமைக்ரான் டெல்டாவைவிட சுமார் 70 மடங்கு வேகமாகப் பெருகியது. நுரையீரல் திசுவிலோ ஆதி வைரஸைவிடப் பத்து மடங்குக்கு மேல் குறைவு. மேலே பெருகினால் வேகமாகப் பரவும். ஆழத்தில் பெருகாவிட்டால் நிமோனியா குறையும்.

அந்த ஆய்வு முடிவு வெளியானது 2021 டிசம்பரில். அடுத்த மூன்று மாதத்தில் அதே ஹாங்காங்கில் என்ன ஆனது?

அதுவரை இரண்டு ஆண்டுகளில் அங்கே கொரோனாவுக்கு இறந்தவர்கள் 213 பேர்தான். அவ்வளவு கட்டுப்பாடாக இருந்த ஊர். ஒமைக்ரான் உள்ளே நுழைந்தது. 2022 மே மாதத்துக்குள் 9,000 பேருக்கு மேல் இறந்துவிட்டார்கள். மார்ச்சில், மக்கள்தொகை விகிதத்தில் உலகிலேயே அதிக கொரோனா மரணங்கள் நடந்த இடம் ஹாங்காங். படுக்கை இல்லாமல் வயதானவர்களை ஆஸ்பத்திரிக்கு வெளியே திறந்தவெளியில் கட்டிலில் படுக்க வைத்த படங்களை அப்போது பார்த்திருப்பீர்கள்.

காரணம் அந்த ஊரின் முதியவர்களின் உடம்பில் இருந்த வரலாறு. அல்லது வரலாறு இல்லாமை. முந்தைய தொற்று ஏறக்குறைய யாருக்கும் இல்லை. டிசம்பர் கடைசியில், 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் பாதிப் பேர் அளவில்தான் தடுப்பூசி போட்டிருந்தார்கள். எண்பதைத் தாண்டியவர்களில் அதைவிடக் குறைவு. ஜனவரி 6 முதல் மார்ச் 21 வரை நடந்த 5,906 மரணங்களில் 5,655 பேர் 60 வயதுக்கு மேற்பட்டவர்கள். அவர்களில் 3,970 பேர், அதாவது பத்துக்கு ஏழு பேர், ஒரு ஊசிகூடப் போடாதவர்கள்.

நியூசிலாந்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். அதுவும் ஹாங்காங் மாதிரியே வைரஸை உள்ளே விடாமல் இருந்த நாடு. அங்கேயும் அதே மாதங்களில்தான் ஒமைக்ரான் பரவியது. ஆனால் அங்கே முதியவர்கள் பெரும்பாலும் ஊசி போட்டிருந்தார்கள். மரணங்கள் பல மடங்கு குறைவு.

ஆக, இங்கிலாந்தில் 'மைல்ட்' ஆகத் தெரிந்த ஒமைக்ரானின் மென்மையில் ஒரு பங்குதான் வைரஸுடையது. இன்னொரு பங்கு, அது சந்தித்த மனிதர்களுடையது. டெல்டாவைவிட அது மென்மை என்பது உண்மை. ஆனால் டெல்டா, ஆதி வைரஸைவிடக் கொடியது. அந்த உயரத்திலிருந்து இறங்கி வந்தால், ஏறக்குறையப் புறப்பட்ட இடத்துக்கு வந்திருக்கிறோம், அவ்வளவுதான். ஊசியும் இல்லாமல், முந்தைய தொற்றும் இல்லாமல் இருந்த எண்பது வயது மனிதருக்கு அது 2020ன் வைரஸைப் போலவே ஆபத்தானது.

2022 ஜனவரியில் எங்கள் பெரியப்பா, எண்பதை நெருங்குகிறவர், ஊசியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். "ஒமைக்ரான் வந்துட்டுப் போனா அதுவே ஊசி மாதிரிதானேடா?" என்பார். அவர் சொன்னதில் லாஜிக் இல்லாமல் இல்லை. பேப்பரிலும் டிவியிலும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். மார்ச்சில் ஹாங்காங் எண்களைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "இவங்க எல்லாம் என் வயசுக்காரங்களா?" என்று மட்டும் கேட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முகாமுக்குக் கூட்டிப்போனேன்.

சாதுவாகுமா?

வரிசையாகப் பார்ப்போம். 2020ல் உலகம் முழுக்கப் பரவின டி614ஜி மாற்றத்தால் மூக்கில் வைரஸ் அதிகமானது, ஷெஃபீல்டில் 999 பேரை ஆராய்ந்ததில் நோயின் தீவிரம் கூடியதாகத் தெரியவில்லை. சிங்கப்பூரின் 382 எழுத்து அறுந்த திரிபு மென்மையானது, மறைந்தது. ஆல்ஃபா தீவிரம் கூடியது, பரவியது. டெல்டா இன்னும் கூடியது, இன்னும் பரவியது. ஒமைக்ரான் குறைந்தது, எல்லாவற்றையும்விடப் பரவியது.

இதில் சாதுவாகிற திசை எங்கேயும் தெரியவில்லை. காரணமும் புரிந்துகொள்ளக் கூடியதுதான். இந்த வைரஸ் அறிகுறி தொடங்கும் முன்னும் தொடங்கின முதல் சில நாட்களிலும்தான் அதிகம் பரவுகிறது. மரணம் வருவது பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரம் கழித்து. அதற்குள் வைரஸ் அடுத்த ஆளுக்குப் போயாகிவிட்டது. நோயாளி பிழைத்தாரா இல்லையா என்பது அதன் பிழைப்பைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. பரவும் வேகம் கூடினால் அது ஜெயிக்கும். கூடவே தீவிரம் ஏறுவதும் இறங்குவதும் பக்க விளைவு.

2023 டிசம்பரில் ஜேஎன்.1 வந்தபோதும் நண்பர்கள் கேட்டது அதே பழைய கேள்வி: "இது லேசானதா, மோசமானதா?" ஆஸ்பத்திரி எண் ஒன்றை யாராவது காட்டினால் நான் இப்போது மூன்று விஷயம் தேடுகிறேன். இந்த எண் தொற்று வந்த எல்லோரையும் பற்றியதா, சேர்ந்தவர்களைப் பற்றி மட்டுமா? சேர்ந்தவர்கள் கோவிடுக்காகச் சேர்ந்தார்களா, கோவிடோடு சேர்ந்தார்களா? அந்த ஊர் ஜனங்களின் உடம்புக்கு இந்த வைரஸை முன்பே தெரியுமா? மூன்றுக்கும் பதில் இல்லாத எண்ணை நான் யாருக்கும் ஃபார்வர்ட் பண்ணுவதில்லை.